கூப்பிடாத பந்தி

மனைவி சாகக் கிடந்த அன்றைக்குக் குழாய்க்காரர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, நன்றாக இருந்த ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழாய்க்கு ஒரு நோயும் இல்லை. அதற்கு முன்னால் அவர் கழற்றிய குளியலறைக் குழாய்க்கும் இல்லை, கொல்லைப்புறக் குழாய்க்கும் இல்லை, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒளிந்துகொண்டிருந்த அந்த அப்பாவிக் குழாய்க்கும் இல்லை. மருத்துவமனையிலிருந்து மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்த நாளிலிருந்து அவர் ரெஞ்சைக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டு மேசை மேல் வாஷர்களும் வால்வுகளும் முழங்கைக் குழாய்களும் குவிந்து கிடந்த கிடப்பைப் பார்த்தால், அதை வைத்து ஒரு நடுத்தர நகரத்துக்கே தண்ணீர் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நீரூற்று ஒன்றும் வைக்கலாம் என்று தோன்றும். வீட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மகள் காலிக் கெட்டிலோடு வந்து அவருடைய கால்களுக்குப் பக்கத்தில் நின்றாள். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்தான்.

"அப்பா. நர்ஸ் இன்னிக்குத்தான்னு சொல்றாங்க."

"கேட்டுச்சு."

"கேட்டா வெளிய வாங்க."

"இந்த வாஷரை மட்டும் பாத்துட்டு…"

"அந்த வாஷர் நல்லாத்தான் இருக்கு. எல்லா வாஷரும் நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்கு உதடு நனைக்கப் பக்கத்து வீட்ல போய்த் தண்ணி வாங்கிட்டு வரேன் நான். பேரு குழாய்க்காரர் வீடு."

அவர் வெளியே வந்தார். முடியில் சிலந்திவலை ஒட்டியிருந்தது. மகள் அதைத் தட்டிவிடப் போய், தட்டாமல், கையை இழுத்துக்கொண்டாள். தட்டினால் இரண்டு பேருமே உடைந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழாய்க்காரர் சாதாரண ஆள் இல்லை. சுவரில் காதை வைத்தாரென்றால் எந்த மாடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதோடு, அந்த மாடிக்காரர் குளிக்கும்போது பாடுவாரா மாட்டாரா என்பதையும் சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அதில் பாதி அவரே கிளப்பிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் யாராவது வீட்டுக்கு விருந்துக்குப் போனால் கைகழுவுகிற சாக்கில் எல்லாக் குழாயையும் ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேவாலயச் சபையில் மூப்பர். கோட்டுப் பையில் ஒரு பக்கம் வேதப் புத்தகமும் மறுபக்கம் ஒரு சிறிய ஸ்பேனரும் இருக்கும். அதனால் சபையில் அவருக்குக் குழாய் மூப்பர் என்று பெயர்.

அந்தச் சபையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மனிதர்கள் நல்லவர்கள், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பார்கள், சொன்ன நேரத்துக்கு வருவார்கள், சிரிப்பதாக இருந்தால் மட்டும் வாசலுக்கு வெளியே போய்ச் சிரிப்பார்கள். உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தம்முடையவர்கள் யார் யார் என்று முடிவு செய்துவிட்டார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கெஞ்சி அதற்குள் நுழைய முடியாது, தடுமாறி அதிலிருந்து விழவும் முடியாது. வெளியிலிருந்து கேட்பவருக்கு நெஞ்சு சில்லிடும். உள்ளே இருந்த குழாய்க்காரருக்கோ அதைப்போல ஓர் ஆறுதல் பூமியில் இல்லை. தான் செய்கிற வேலையில் எவ்வளவு ஒழுகும் என்று நன்றாகத் தெரிந்த மனிதர் அவர். தன்னுடைய மீட்பும் தன் கையால்தான் பூட்டப்பட வேண்டும் என்றிருந்தால் ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டார். அது தன் கையில் இல்லை என்பதனாலேயே படுத்ததும் குறட்டை விட்டார்.

சிக்கல் அந்த நம்பிக்கையில் இல்லை, பந்தியில்.

பருவத்துக்கு ஒரு தரம் சபையின் முன்புறம் நீளமான மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் பலகை போடுவார்கள். அப்பமும் திராட்சை ரசமும் வைப்பார்கள். கடவுள் தன்னைத் தெரிந்தெடுத்தார் என்ற நிச்சயம் உள்ளவர் எழுந்து வந்து உட்காரலாம். யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டு ஒருவர் வந்துவிட்டால் அது மனிதனுடைய அழைப்பாகிவிடும், கடவுளுடைய அழைப்பாக இருக்காது. புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது, தாய் மகனை முழங்கையால் இடிக்கக் கூடாது. பந்தி நாளில் தொண்டை கரகரத்தால்கூட வீட்டுக்குப் போகிறவரை அடக்கிக்கொள்வார்கள், செருமினால் பின்னால் இருப்பவர் அதைச் சாடை என்று எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? இதனால் முன்னால் மேசையில் ஒரு கைப்பிடி ஆட்கள், பின்னால் ஊர் முழுக்க. பல் எல்லாம் விழுந்து, கண்ணும் மங்கி, கைத்தடிக்கே ஒரு கைத்தடி தேவைப்படுகிற வயதிலும் பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் நிச்சயம் வரவில்லை என்று சொல்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த மேசையில் போய் உட்காருவதைவிடச் சந்திரனில் போய் இறங்குவது சுலபம்.

குழாய்க்காரர் கல்யாணத்துக்கு முன்பே மேசையில் உட்கார்ந்தவர். மனைவி ஆயுள் முழுக்கப் பின்பலகையில் உட்கார்ந்தவர். குழாய்க்காரருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஏக்கம் அதுதான். வீடு கட்டிவிட்டார், மகள் நன்றாக இருக்கிறாள், முழங்கால் பரவாயில்லை. அந்த அம்மாள் ஒரே ஒரு தரம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். ஒவ்வொரு பந்தி நாளிலும் பலகையில் தன் வலதுபுறம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டே உட்காருவார். அந்தப் பக்கம் உட்காருகிற பல் மருத்துவர் நல்ல பருமன், மூச்சு விட்டாலே நகர்ந்து வருவார். குழாய்க்காரர் கண்ணை மூடி ஜெபித்தபடியே இடுப்பால் அவரைத் தடுத்து நிறுத்துவார். தங்களுக்குள் என்ன பகை என்று பல் மருத்துவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இன்றைக்கோ நர்ஸ் நாளைக் குறித்துவிட்டாள். இத்தனை காலம் வராத ஓர் அடையாளம் இன்று வந்தாக வேண்டும். வராவிட்டால், பிறகு எங்கேயாவது பார்ப்போமா மாட்டோமா என்று தெரியாமலே அவளை அனுப்ப வேண்டும். அதைத் தாங்க முடியாமல்தான் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அறைக்குள் போனார். மனைவி கண்ணைத் திறக்காமலே, எந்தக் குழாய் என்று கேட்டார்.

"சமையல்கட்டு."

"அதுதான் மிச்சம் இருந்துச்சு. இனி என்னைக் கழட்டுவீங்களா?"

அந்த அம்மாள் அப்படித்தான். ரயில் நிலையத்தில் முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்து காலமெல்லாம் டிக்கெட் கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போனதும், மீதிப் பேர் கல்யாணத்திலிருந்து தப்பித்து ஓடியதும் அவர் கையால் வாங்கிய டிக்கெட்டில்தான். வரிசை பிளாட்பாரத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பக்கத்து ஊர்வரை போனாலும் முகம் சுளிக்க மாட்டார். இடம் இல்லை என்ற வார்த்தையை அந்த ஜன்னலில் யாரும் கேட்டதில்லை என்பார்கள். 'இருங்க, பாக்கலாம்' என்பதுதான் அவருடைய வார்த்தை. புருஷனுடைய சபையை வைத்து அவர் அடிக்கிற கேலியும் அந்த ஜன்னலிலிருந்து வந்ததுதான். எங்களிடமாவது காத்திருப்புப் பட்டியல் உண்டு, யாராவது பயணத்தை நிறுத்தினால் அடுத்தவருக்குக் கிடைக்கும், உங்கள் கடவுளிடம் அதுகூடக் கிடையாதே என்பார். குழாய்க்காரர் சிரிக்க மாட்டார். அடுத்த அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டு வருவார்.

நண்பகலில் போதகர் வந்தார். வயதில் சின்னவர், நீளமான ஆள், அந்த வீட்டு நாற்காலிகள் எதுவும் அவருக்குப் போதாது. மேசை மேல் கிடந்த குழாய்க் குவியலைப் பார்த்தார், தாண்டிப் போனார். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஜெபித்தார். ஜெபம் முழுவதும் குழாய்க்காரர் கண்ணைத் திறந்து மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பதுபோல. எங்கேயாவது ஒரு துடிப்பு, ஒரு வெளிச்சம், ஒரு கண்ணீர். அந்த அம்மாளோ ஆமென் சொல்லிவிட்டு, ஐயாவுக்கு நாற்காலி உயரம் போதவில்லை, அடியில் ஒரு தலையணை வையுங்கள் என்றார்.

வாசலில் குழாய்க்காரர் போதகரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"நான் அவங்களைப் பாக்க வந்தேன் மூப்பரே. அடையாளம் பாக்க வரல."

"ஞாயித்துக்கிழமை பந்தி இருக்கு."

"இருக்கு."

"அதுவரைக்கும் இருப்பாளா?"

போதகர் அவர் முதுகில் கை வைத்தார். அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று குழாய்க்காரர் கேட்கவில்லை. அந்தச் சபையில் பந்தி என்பது சபையோடுதான், படுக்கைக்குப் பார்சல் கிடையாது. அவருக்கே நன்றாகத் தெரிந்த விதி அது.

மத்தியானம் மகள் நாற்காலியிலேயே தூங்கிப் போனாள். நர்ஸ் கூடத்தில் தலையைச் சாய்த்திருந்தாள். ஜன்னல் திரை வழியே மஞ்சள் வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. குழாய்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் இருந்த ரப்பர் வாஷரை விரலில் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"சொல்லும்மா. தண்ணி வேணுமா?"

"நம்ம வீட்ல ஏது தண்ணி." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். பந்தியில உங்க பக்கத்துல ஏன் எப்பவும் இடம் விட்டு உக்காருவீங்க?"

வாஷர் விரலில் நின்றுவிட்டது. அதை உலகத்தில் ஒருவரும் கவனித்ததில்லை என்றே அவர் நினைத்திருந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலி சீட் எங்கன்னு பாக்கறதுதானே என் வேலை."

கூடத்தில் நர்ஸ் புரண்டு படுத்த சத்தம் கேட்டது.

"உனக்காகத்தான்," என்றார் அவர்.

"தெரியும். அப்புறம் ஏன் கூப்பிடலை?"

"கூப்பிடக் கூடாதேம்மா. நான் கூப்பிட்டு நீ வந்தா, எனக்காக வந்ததா ஆயிரும். அவரு கூப்பிட்டு வரணும்."

அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார். எந்த ரயிலில் இடம் இருக்கும் என்று யோசிக்கிறபோது பார்க்கிற அதே பார்வை.

குழாய்க்காரருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் நடந்த ஒன்று உள்ளே கிடந்தது. முதல் பந்தி நாளில் அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார், மனைவி பின்னாலிருந்து எழுந்து நடந்து வந்தார். செருப்புச் சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாதென்று மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கிட்டத்தில் வந்தது, நின்றது, பிறகு திரும்பிப் போனது. அந்தச் செருப்புச் சத்தம் திரும்பிப் போன திசையிலேயே அவருடைய வாழ்க்கை முழுவதும் காது வைத்துக் கிடந்தது. ஏன் திரும்பினாள் என்று அவர் கேட்டதே இல்லை. கடவுள் திருப்பி அனுப்பியதில் மனிதன் என்ன கேட்பது? இன்றைக்குக் கேட்டார்.

"நீ அன்னிக்கு வந்தியே. பாதி வழியில ஏன் திரும்பின?"

"பாதி வழியா? பலகை வரைக்கும் வந்தேன். கைகூட வெச்சுட்டேன். பின்னாடியே தையல்காரம்மா வந்தாங்க. அவங்களுக்கு முட்டி மடங்காதே. அப்பல்லாம் பலகை ஒண்ணுதான், இருந்தது ஒரே இடம். நீங்க உக்காருங்கன்னு விட்டுட்டு வந்தேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன இருக்கு?"

அந்த ஒரு திரும்பலைக் குழாய்க்காரர் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். வேதத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார், சபையின் விசுவாச அறிக்கையோடு வைத்துப் பார்த்திருக்கிறார். அதற்காக உபவாசம் இருந்து, உபவாசத்தில் மயங்கி, ஒரு முறை ஏணியிலிருந்து விழுந்தும் இருக்கிறார். தையல்காரம்மாவின் முட்டியை மட்டும் அவர் ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அடுத்த தடவை வந்திருக்கலாமே."

"வந்திருப்பேன். அதுக்குள்ளதான் நான் பின்வாங்கிட்டேன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்களே. பழைய போதகர் அதையே ஒரு பிரசங்கமா வெச்சாரு. என் முகத்தைப் பாக்காம என்னைப் பத்தியே பேசினாரு. சரி, என்னைவிட இவங்களுக்குத்தான் தெரியும் போலன்னு நானும் கொஞ்ச நாள் பயந்து கிடந்தேன்." நிறுத்தி மூச்சைத் தேடினார். "அப்புறம் பயம் போயிருச்சு. அப்பதான் உங்க முதுகைப் பாக்க ஆரம்பிச்சேன். இடம் விட்டு உக்காந்திருந்தீங்க. சரி, திரும்புவாரு, ஒரு வார்த்தை சொல்வாருன்னு நானும் உக்காந்திருந்தேன்."

"நான் சொல்லி வந்தா அது…"

"அவரு தெரிஞ்செடுத்தவங்களைக் கூப்பிட அவருக்கு ஒரு வாய் வேணாமா? உங்க வாயாலே கூப்பிட்டா ஆகாதா? அவ்வளவு மோசமான வாயா அது?"

சபைக் கூட்டங்களில் ஒரு கமாவுக்காக விளக்கு வைக்கிற நேரம்வரை வாதாடுகிறவர், அறிக்கையின் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர், விரலில் வாஷரோடு சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசியில் தனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டார்.

"உனக்கு நிச்சயம் இருந்துச்சா?"

"எதுல?"

"அவரு உன்னை… தம்முடையவளா…"

"அவரு மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்லை." உதட்டோரம் கொஞ்சம் விரிந்தது. "உங்க மேலதான். கூப்பிடுவாரா, மாட்டாரான்னு."

வெயில் கால்மாட்டிலிருந்து சுவருக்கு ஏறியது. அவர் கேட்க விரும்பியது கிடைத்துவிட்டது. எழுந்து தெருவில் ஓடி, போதகர் வீட்டுக் கதவைத் தட்டி, பல் மருத்துவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக எல்லாப் பந்தி நாட்களும் கண்முன் வந்து போயின. வெள்ளைத் துணியும், பலகையும், தன் வலதுபுறத்து வெற்றிடமும், பின்னால் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த அவளும். நடுவில் அந்தக் கூடம் எவ்வளவு நீளம் இருக்கும்? ஒரு குழாயைப் போட்டால் அவருக்கு அரைநாள் வேலை.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஒரே எழுத்து. எத்தனை வீடுகளில் உதவியாட்களைக் கூவிக் கூவிக் கூப்பிட்ட வார்த்தை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டதுபோல அது வெளியே வரவில்லை. வந்தாலும் எங்கே கூப்பிடுவது? மேசை இல்லை, அப்பம் இல்லை, எழுந்து வர அவளுக்குக் காலில் உயிர் இல்லை. உதடு மட்டும் திறந்து திறந்து மூடியது.

அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று, ஜன்னலுக்கு வந்ததும் போகிற ஊரின் பெயரை மறந்துபோனவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தவர். மெல்ல, நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாக ஒதுங்கினார். கட்டிலில் ஓர் ஓரம் காலியாயிற்று. அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"வாங்க," என்றார். "இடம் இருக்கு."

குழாய்க்காரர் செருப்பைக் கழற்றினார். முழங்காலில் கறை, சட்டையில் துரு, தலையில் இன்னும் அந்தச் சிலந்திவலை. எதையும் துடைக்காமல் போய்ப் படுத்தார். கட்டில் முனகியது. அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது, காய்ந்த இறகுபோல ஒரு கனம். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் ஏதோ சொன்னார், பிளாட்பாரம் மாறிவிட்டது என்பதுபோல ஏதோ. பிறகு சொல்லவில்லை. வெயில் சுவரிலிருந்து கூரைக்கு ஏறி, அங்கிருந்து எங்கேயோ போனது. தோளில் மூச்சு படுவது எப்போது நின்றது என்று, சுவருக்குள் ஓடுகிற தண்ணீரைக் காதால் எண்ணுகிற அந்த மனிதருக்குத் தெரியவில்லை. விளக்குப் போட வந்த மகள்தான் பார்த்தாள்.

அன்று அந்தியில் அவர் எழுந்து சமையலறைக் குழாயை மாட்டினார், பிறகு குளியலறையை, பிறகு கொல்லைப்புறத்தை. தண்ணீர் தேவைப்பட்டது. அம்மாளைக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு வாஷர்கூட மிச்சமாகவில்லை, ஒன்றுகூட ஒழுகவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கையலம்பிவிட்டு, இந்த வீட்டில் தண்ணீர் என்ன வேகமாக வருகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. போதகர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்," என்றார் குழாய்க்காரர். "பந்திக்கு யாரும் யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

போதகர் காலடி மண்ணைப் பார்த்தார். பார்த்தால் யோசிப்பதுபோல இல்லை, மாட்டிக்கொண்டவர்போல இருந்தது.

"நான் இந்தச் சபைக்கு வந்த புதுசுல தேடினேன். அறிக்கையில இல்ல, பழைய தீர்மானங்கள்ல இல்ல, எங்கயும் இல்ல. நீங்க எல்லாரும் அப்படித்தான் இருந்தீங்க. பெரியவங்க, காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நாங்க போதகர்களுக்குத் தெரியும்னு விட்டுட்டோம்."

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே போய்ச் சிரித்திருப்பார்கள். தெரிந்தெடுப்பது கடவுள்தான், அதில் தனக்கு ஒரு மாற்றமும் இல்லை என்று குழாய்க்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, அதைத் தன்னிடமே சொல்லிக்கொண்டதுபோல, தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. பாட்டு முடிந்தது, போதகர் உட்கார்ந்தார், வழக்கமான அந்த நிசப்தம் வந்தது. அதற்குள் ஒரு குண்டூசி விழுந்தால் ஊர்க் கோடியில் நாய் குரைக்கும். முன்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையில் உட்கார்ந்தார்கள். பல் மருத்துவர் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் இடுப்பைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

குழாய்க்காரர் வந்து தன் இடத்துக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை. எல்லோரும் அவர் துக்கத்தில் மறந்து நிற்கிறார் என்று நினைத்தார்கள். அவர் மெதுவாக மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பந்தி நாளில் அந்தச் சபையில் ஒருவரும் செய்யாத காரியம் அது. பின்பலகைகளில் தலைகள் சடசடவென்று குனிந்தன. தொண்ணூறைத் தாண்டிய ஒரு கிழவர் கைத்தடியைப் பார்த்தார். ஒரு அம்மாள் தன் கைக்குட்டையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

கடைசிப் பலகையில் மகள் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து அம்மாவின் பக்கத்தில் அங்கேதான் உட்காருவாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு முறை, நானும் முன்னால் வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். அதை நான் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இன்றைக்கு அவள் ஒருத்தி மட்டும் தலையைக் குனியாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். அந்தக் கூடத்தில் பந்தி நாளில் கேட்ட முதல் செருமல் அதுவாகத்தான் இருக்கும்.

"வாம்மா," என்றார்.

குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கூரையில் இருந்த புறாக்கள் ஒரு தரம் சிறகடித்து அடங்கின. போதகர் அசையவில்லை. பல் மருத்துவர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

மகள் மடியில் இருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்தில் அம்மாவின் காலியிடத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.